மாலைச் சோற்றுக்குச் சீட்டு

இடைத்திட்டுக் குப்பத்துப் பள்ளியில் சத்துணவு சமைக்கும் சாமுண்டீஸ்வரிக்குச் சில வழக்கங்கள் உண்டு. உலை கொதிக்கும் வேளையில் அவள் எவரோடும் பேசமாட்டாள். சாம்பாரை நாவில் இட்டுப் பார்க்கமாட்டாள். ஆவியை முகர்ந்தே உப்பைச் சொல்லிவிடுவாள். பிள்ளைகளை அவரவர் பெயரால் அழைக்கும் வழக்கமும் அவளுக்கில்லை. முந்திய நாள் எந்தக் காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார்களோ அந்தக் காயே அவர்களுக்குப் பெயர். "டேய் கேரட்டு, தட்ட நேரா புடி" என்பாள். "இந்தா பீன்ஸு, ஒன் தங்கச்சி முட்டகோஸ் எங்கடி?" என்பாள். அவ்வாறு அழைக்கப்படாத பிள்ளை தன்மேல் அவளுக்குக் கோபம் என்று வருந்தும்.

பசிக்கிறதா என்று எந்தப் பிள்ளையையும் அவள் கேட்டதில்லை, கால்களைப் பார்ப்பாள். பசித்த பிள்ளை வரிசையில் நிற்கும்போது ஒரு பாதத்தின்மேல் மறுபாதத்தை வைத்துத் தேய்க்கும் என்பது பதினோராண்டுப் பணியில் அவள் கண்டறிந்தது. அதனை அவள் எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை. எழுதக் கட்டம் இல்லை.

பழவேற்காட்டு ஏரியின் நடுவே, படகேறிப் போகவேண்டிய மணல் திட்டு அக்குப்பம். ஆண்கள் பிற்பகல் மூன்று மணிக்கே வலைகளை ஏற்றிக்கொண்டு முகத்துவாரப் பக்கம் போய்விடுவர். பெண்களுள் பெரும்பாலோர் கரைக்கு அப்பால் எறால் உரிக்கும் கம்பெனிக்குப் போய், கடைசிப் படகில் இரவு எட்டரைக்குத் திரும்புவர். பகல் பன்னிரண்டரைக்குப் பள்ளியில் உண்ட பிள்ளைக்கு அடுத்த கவளம் எட்டரைக்குமேல், தாய் வந்து உலை வைத்து வடித்த பின்னர்தான். அதற்குள் பாதிப் பிள்ளைகள் உறங்கிவிடும்.

இது சாமுண்டீஸ்வரிக்குத் தெரியவந்தது ஒரு முட்டையால். மூன்றாம் வகுப்புச் சோபியா தனக்கிட்ட முட்டையைப் பாவாடை மடிப்பில் ஒளிப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"இன்னாடி வெண்டக்கா, முட்டய அடைகாக்கப் போறியா?"

"இல்ல ஆயா. சாயங்காலத்துக்கு. எனக்குப் பாதி, தம்பிக்குப் பாதி."

"மஞ்சக்கரு யாருக்கு?"

சோபியா சற்றே சிந்தித்து, "இன்னிக்கு அவனுக்கு" என்றாள்.

மறுநாள் மாலை ஐந்தரைக்குப் புயல் பாதுகாப்பு மையத்தின் பின்கட்டில் சாமுண்டீஸ்வரி ஓர் உலை வைத்தாள். வீட்டுக்கு ஒரு படி அரிசி வந்தது. அன்றன்று ஏரியில் எவருடைய முறையோ அவர் ஒரு கூடை மீன் கொடுத்தார். முப்பத்தொன்பது பிள்ளைகள் உண்டனர். ஓராண்டும் நான்கு மாதமும் இது நடந்தது. எவருக்கும் தீங்கு விளையவில்லை.

பின்னர் அதற்குப் பாராட்டு வந்தது. அன்றுதான் தொல்லை தொடங்கிற்று.

பறவைகளைப் படமெடுக்க வந்த ஒருவர், பறவை கிடைக்காத எரிச்சலில் சாமுண்டீஸ்வரியைப் படமெடுத்தார். 'மாலையிலும் அமுதிடும் அன்னை' என்னும் தலைப்பில் அது ஒரு நாளிதழில் வெளியாயிற்று. பத்தாம் நாள், 'பள்ளிச் சிறார்க்கு மாலையில் சமைத்த உணவு அவசியமா என ஆராயும் நிலைக்குழு' என்னும் அமைப்பிடமிருந்து அவளுக்கு ஒரு பதிவுத்தபால் வந்தது. அக்குழு ஆறாண்டுகளாக இயங்கிவந்தது என்பதும், ஆராய்வதற்கு ஒரு மாலையுணவுகூட அகப்படாமல் அது வாடியிருந்தது என்பதும் பின்னரே தெரியவந்தன.

அவள் கணவன் பொன்னுரங்கம் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டே கேட்டான். "இன்னாமே போட்டுக்கிறான்?"

அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "ஒன்று: தாங்கள் மாலையில் சோறிடுவதால், பகலில் இட்ட சோறு போதவில்லை என்று பொருள்படுகிறது. இரண்டு: பகலில் சமைத்தவரும் தாங்களே. மூன்று: ஆகவே, போதாத சோற்றைச் சமைத்தமைக்கோ, போதுமான சோற்றின்மேல் மீண்டும் சோறிட்டமைக்கோ, இரண்டில் ஒன்றுக்கு விளக்கமளிக்கத் தாங்கள் கடமைப்பட்டுள்ளீர்."

"பசிச்சிச்சு, போட்டேன்னு எழுதி அனுப்பு."

"அதுக்குக் கட்டம் இல்லய்யா. ரெண்டே கட்டந்தான் கீது. போதாத சோறு, மிஞ்சின சோறு. ஒண்ணுல டிக் அடிக்கணுமாம்."

"ரெண்டுலயும் தப்பு உன்னுதா?"

"ரெண்டுலயும் என்னுதுதான்."

பொன்னுரங்கம் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். "உஷாரான ஆளுங்கதான்" என்றான்.

விசாரணை பொன்னேரியில், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் நடைபெற்றது. காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தமையால் சாமுண்டீஸ்வரி முதற்படகு ஏறி, பேருந்து பிடித்து, ஒன்பதரைக்கே போய் நின்றாள். பகல் சமையலை உதவியாளர் கீதாவிடம் ஒப்படைத்திருந்தாள். மாலைக்குள் திரும்பிவிடலாம் என்பது அவள் எண்ணம்.

குழு பத்து மணிக்குக் கூடிற்று. கூடியவுடன் சிற்றுண்டிக்காகக் கலைந்தது. மீண்டும் கூடி, பசி என்பதற்கு வரையறை வகுக்காமல் மேற்செல்லலாகாது என்று ஒரு துணைக்குழுவை அமைத்தது. அத்துணைக்குழு பகலுணவுக்குப்பின் கூடுவதாக இருந்து, உணவு சற்றுக் கனத்துவிட்டபடியால் ஒத்திவைக்கப்பட்டது. மூன்றரைக்குத் தேநீரும் முறுக்கும் வந்தன. நாலேகாலுக்குச் சாமுண்டீஸ்வரியின் பெயர் அழைக்கப்பட்டது. சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அவள் உள்ளே போனாள். ஐந்தரைக்கு உலை வைக்கவேண்டும்.

குழுத் தலைவர் முனைவர் விஜயராகவன், மேடையில் பேசுவதுபோலவே எங்கும் பேசுபவர். "அமருங்கள் அம்மா. அஞ்சவேண்டா. தங்கள் தொண்டினை இக்குழு போற்றுகிறது. ஆகவேதான் அதனை நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது. காலையில் அரசு ஊட்டுகிறது. பகலிலும் அரசு ஊட்டுகிறது. இருவேளை ஊட்டிய பின்பும் ஒரு குழந்தை மாலையில் பசிக்கிறது என்று சொல்லுமாயின், ஊட்டிய கைக்கு அது செய்யும் மரியாதை அதுதானா? நன்றியுணர்வு இளமையிலேயே வேரூன்ற வேண்டாமா?"

"பசிக்கறதுல நன்றி இன்னா சார் கீது?"

"அதைத்தான் ஆறாண்டுகளாக ஆராய்கிறோம்."

சாமுண்டீஸ்வரி அடக்கமாகவே கேட்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்கூட்ல பசங்க சாயங்காலம் இன்னா சாப்புடும்?"

தலைவர் புன்னகைத்தார். அவ்வினாவை அவர் எதிர்பார்த்திருந்தார் போலும். "என் பேரன் இருக்கிறான், எட்டு வயது. பள்ளியிலிருந்து வந்ததும் பாலும் பாதாமும் உண்பான். ஆறுக்கு ஒரு பழம், பிறகு ரொட்டி. எட்டுக்கு அவன் விரும்புவதைக் கைப்பேசியில் சொல்லி வெளியிலிருந்து வரவழைப்போம். ஆனால் பாருங்கள் அம்மா, எங்கள் வீட்டில் மாலையில் அடுப்பு ஏற்றுவதே இல்லை! சமைத்த உணவு வேண்டுமென்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அவனால் இயலுமாயின் உங்கள் பிள்ளைகளால் ஏன் இயலாது?"

மற்ற உறுப்பினர் இதனைக் குறித்துக்கொண்டனர். எழுத்தர் தெய்வசிகாமணி, 'முன்னுதாரணம்: தலைவர் பேரன்' என்று பதிவேட்டில் ஏற்றினார். முடிவு தெரியும்வரை பின்கட்டு அடுப்புக்கு முத்திரை இடப்படும் என்றும், குழு நேரில் வந்து பிள்ளைகளைக் கூர்ந்து நோக்கும் என்றும் தீர்மானமாயிற்று.

சாமுண்டீஸ்வரி படகுத்துறைக்கு வந்தபோது மணி ஏழேமுக்கால். கம்பெனியிலிருந்து திரும்பும் பெண்களோடு கடைசிப் படகில் ஏறினாள். திட்டில் இறங்கியபோது பாதிப் பிள்ளைகள் உறங்கியிருந்தன.

குழு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், மோட்டார்ப் படகில், தனக்கென்று ஐந்து நாற்காலிகளையும் ஏற்றிக்கொண்டு. முப்பத்தொன்பது பிள்ளைகளும் மையத்தின் தாழ்வாரத்தில் வரிசையாக அமர்த்தப்பட்டு, சட்டையில் எண் குத்தப்பட்டனர். நாலரை முதல் எட்டரை வரை அவர்களுக்கு எதுவும் கொடுக்கலாகாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தெய்வசிகாமணி வரிசையில் நடந்து, ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்துப் பசியின் அறிகுறி உண்டா இல்லையா என்று குறிக்கவேண்டும்.

இங்கேதான் குப்பம் தன் பங்குக்கு ஒரு தவறு செய்தது. படகில் வந்த விருந்தினர் கைநனைக்காமல் திரும்புவது அவ்வூருக்குப் பெரும் இழுக்கு. ஊர்த் தலைவர் கோதண்டம், "வந்தவங்க வெறும் வயித்தோட போனா நாளைக்கு ஏரில எவன் மூஞ்சில முழிக்கிறது?" என்று சொல்லி, அன்று முறை பெற்றவர் வலையில் விழுந்த நண்டில் பெரியனவாகப் பொறுக்கிக் கூடை நிறைய அனுப்பிவைத்தார். அடுப்பு முத்திரையிடப்பட்டிருந்தது. 'ஆய்வாளர் உணவு' என்னும் தலைப்பின்கீழ்த் தெய்வசிகாமணி அதனைத் தற்காலிகமாக உடைத்தார். சாமுண்டீஸ்வரி நண்டுக் குழம்பு வைத்தாள். வைக்கமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. விருந்தினர் ஆயிற்றே.

வாழையிலை விரித்து ஐவரும் அமர்ந்தனர். முப்பத்தொன்பது பிள்ளைகளும் எதிரே. குழம்பின் ஆவி தாழ்வாரம் முழுதும் பரவிற்று.

முதல் நண்டின் காலை உடைத்துவிட்டு விஜயராகவன் தலைநிமிர்ந்தார். "நண்டு மிக நன்று. ஆயினும், குழந்தைகள் இதனைப் பார்த்தவண்ணம் இருப்பதால் ஆய்வின் தூய்மை கெடுகிறது. அவர்களைத் திருப்பி அமர்த்துங்கள்."

பிள்ளைகள் சுவரைப் பார்க்கத் திருப்பி அமர்த்தப்பட்டனர். தெய்வசிகாமணி அறிக்கை வாசித்தார்.

"எண் பதினேழு கொட்டாவி விட்டாள், ஐயா."

"கொட்டாவி உறக்கத்தின் அறிகுறி, பசியினது அன்று."

"எண் ஒன்பது சுவரை நக்கினான்."

"சுண்ணாம்புச்சத்துக் குறைவு. மேலே?"

"எண் இருபத்திரண்டு அழுகிறான்."

"காரணம் கேட்டீரா?"

"கேட்டேன். அம்மா வேண்டும் என்கிறான்."

"எழுதுங்கள்: அன்புக் குறைபாடு. அது வேறு துறை." தலைவர் விரல்களைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் நோக்கினார். "பார்த்தீர்களா? நான்கு மணி நேரத்தில் ஒரு குழந்தையாவது பசிக்கிறது என்று சொல்லிற்றா?"

பசிக்கிறதா என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. அன்றியும், அந்நியர் எதிரில் பசி என்று சொன்னால் வீட்டில் உதைவிழும் என்பதை அக்குப்பத்தில் மூன்று வயதுப் பிள்ளையும் அறியும்.

உண்டு முடித்த மகிழ்ச்சியில், "இவ்வளவு பெரிய நண்டு எவ்வாறு கிடைக்கிறது அம்மா?" என்று வினவினார் தலைவர்.

அதுவரையில் அயலார் வீட்டு வாயிலில் நிற்பவள்போல் நின்றிருந்த சாமுண்டீஸ்வரிக்கு, தன் ஊரைப் பற்றி ஒருவர் கேட்டவுடன் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்க ஏரில பாடுன்னு ஒண்ணு கீது சார். நல்ல எடம் கொஞ்சந்தான். எல்லாரும் ஒரே நாள்ல வல கட்ட முடியாது. அதனால அம்மன் கோயில்ல ஊரு கூடி சீட்டு குலுக்குவாங்க. சீட்டுல வந்த நாளைக்கு வந்த எடத்துல கட்டலாம். மத்த நாளு கரையில குந்திக்கணும். சண்ட கெடையாது, கச்சரா கெடையாது. எங்க தாத்தன் காலத்துலேர்ந்து இப்புடித்தான். பாட்டுக்கு மீறி ஒருத்தன் வல போட்டா ஊரே ஒதுக்கி வெச்சுடும்."

"மற்ற நாளில் கரையில் இருப்பவர் முணுமுணுப்பதில்லையா?"

"அதெப்புடி சார்? அது அவன் பாடு இல்லியே."

விஜயராகவனின் கண்கள் ஒளிர்ந்தன. அவர் தெய்வசிகாமணியைப் பார்த்தார். தெய்வசிகாமணி எழுதத் தொடங்கியிருந்தார். சாமுண்டீஸ்வரி பெருமையோடு இலைகளை எடுத்துப் போட்டாள்.

பன்னிரண்டாம் நாள் ஆணை வந்தது, விழாவோடு வந்தது. அம்மன் கோயில் வாயிலில் பந்தலும் ஒலிபெருக்கியும் அமைந்தன. தலைவர் உரையாற்றினார்.

"இக்குழு ஆறாண்டு தேடிய விடையை இக்குப்பத்தின் எளிய பெண்மணி ஒருவர் ஒரு மாலையில் அளித்துவிட்டார். மாலையுணவு அவசியம் என்றால் பகலுணவுக்கு இழுக்கு. அவசியமன்று என்றால் தாய்மார் மனம் வருந்துவர். ஆகவே அது மூன்றில் ஒரு பங்கு அவசியம் என்று கண்டோம்! தங்கள் மூதாதையர் வகுத்த பாட்டு முறைப்படியே, சீட்டுக் குலுக்கி, நாளுக்குப் பதின்மூன்று பிள்ளைகள் வீதம் மாலையில் உண்பர். ஏனைய இருபத்தறுவரும் தம் முறை வரும்வரை பொறுமை பயில்வர். அவர்களுக்காகப் பசி மேலாண்மை வகுப்பும் நடைபெறும். மண்ணின் மரபை இவ்வளவு மதித்த குழு பிறிதொன்று உண்டோ?"

கைதட்டல் எழுந்தது. ஏரியைப் பற்றி ஓர் அரசுக் காகிதத்தில் மதிப்போடு ஒரு சொல் எழுதப்பட்டிருப்பதைக் குப்பத்து ஆண்கள் முதன்முதலாகக் கேட்டனர். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்காகப் போட்ட கூட்டங்களில்கூட எவரும் பாடு என்னும் சொல்லை வாயெடுத்துச் சொன்னதில்லை. கோதண்டத்தின் கண்கள் கலங்கின.

சாமுண்டீஸ்வரிக்குப் பொன்னாடை போர்த்தினர். 'மாலைப் பாடு முதல் பொறுப்பாளர்' என்னும் பட்டம் சூட்டினர். பித்தளைச் சொம்பை அவள் கையிலேயே கொடுத்துச் சீட்டுக் குலுக்கச் செய்தனர். முப்பத்தொன்பது பெயர்களையும் அவளே எடுத்துப் படித்தாள். தன் வாழ்நாளில் அத்தனை பிள்ளைகளையும் அவரவர் பெயரால் அவள் அழைத்தது அன்றுதான்.

வீடு திரும்புகையில் பொன்னுரங்கம் பந்தலை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு, "அந்தாளுகிட்ட பாட்டப் பத்தி யாரு சொன்னது?" என்றான்.

"நாந்தான்யா. கேட்டாரு, சொன்னேன்."

"நல்லா சொன்ன போ" என்றான். பொன்னாடையை வாங்கி மடித்து அவனே பெட்டியில் வைத்தான்.

முதல் வாரத்திலேயே முறை குப்பத்தில் வேரூன்றிவிட்டது. அம்மன் முன் குலுக்கிய சீட்டை மீற எவருக்கும் துணிவில்லை. ஐந்தரைக்குப் பதின்மூவர் உள்ளே உண்பர். இருபத்தறுவர் வெளியே, ஆப்பிளும் பேரிக்காயும் வரைந்த ஒரு படத்தின் எதிரே அமர்ந்து, மெதுவாக மூச்சுவிடப் பழகுவர். பேரிக்காயை அவர்களுள் எவரும் நேரில் கண்டதில்லையாதலால் அதனை ஒரு வகைச் சுரை என்று கொண்டனர்.

பிள்ளைகள் பெரியோரைக் காட்டிலும் விரைவில் தேர்ச்சி பெற்றன. "ஒன் வியாழக்கெழமய எனக்குக் குடு, என் கலர்ப் பென்சில் எடுத்துக்க" என்று வகுப்பிலேயே பேரம் நடந்தது. தன் முறையன்று காய்ச்சலில் கிடந்த ஒருவனின் பங்கு அவன் தம்பிக்குச் சேருமா, அடுத்த சீட்டுக்காரனுக்குச் சேருமா என்று ஊர்ப் பஞ்சாயத்து இரண்டு மணி நேரம் கூடி ஆராய்ந்தது. ஏரிச் சட்டப்படி நோயுற்றவன் முறை அவன் குடும்பத்துக்கே உரியது என்று கோதண்டம் தீர்ப்பளித்தார். தம்பி உண்டான். அண்ணன் காய்ச்சலோடு பார்த்திருந்தான்.

"ஆயா, என் பாடு எப்போ?" என்று தினந்தோறும் கேட்டுவந்தாள் சோபியா.

"நாளன்னிக்குடி."

"நாளன்னிக்கு எவ்ளோ நேரம் கழிச்சி?"

இவ்வாறு கேட்ட ஒரு மாலையில், சாமுண்டீஸ்வரி வடித்த கஞ்சியில் உப்பிட்டு ஒரு குவளை அவளுக்கு நீட்டிவிட்டாள். அன்று முறை பெற்ற சிறுவன் ஒருவன் அதனைப் பார்த்துவிட்டு ஊர்க் கூட்டத்தில் சொல்லிவிட்டான். கஞ்சி சோறாகுமா என்னும் வினா எழுந்தது. வழக்கமாக ஏரி வழக்குகளில் திணறாத கோதண்டம் இதில் திணறி, குழுவுக்கு எழுதிக் கேட்டார். 'கஞ்சி நீர்மம், ஆயினும் சமைத்தது' என்று மறுமொழி வந்தது. அதனோடு தெய்வசிகாமணியும் வந்தார்.

முறை தவறி உண்டவர்களைக் கண்டுபிடிக்கக் குழு ஓர் எளிய வழி வகுத்திருந்தது. முறையல்லாத இருபத்தாறு பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி, வலக்கையை முகர்ந்து பார்க்கவேண்டும். குழம்பின் வாடை இருந்தால் உண்டது உறுதி.

தெய்வசிகாமணி முதற்கையை முகர்ந்தார். மீன் வாடை அடித்தது. அடுத்த கையும் அவ்வாறே. மூன்றாவதில் எறால். நான்காவதில் நண்டோடு சிறிது மண்ணெண்ணெய்.

"சார்," என்றாள் சாமுண்டீஸ்வரி, "இந்த ஊர்ல பொறந்த கொழந்த கையிலயும் அந்த வாடதான் அடிக்கும். வல இழுக்கறவன் பெத்த புள்ளைங்க சார்."

"விதியில் அவ்வாறு விலக்கு எதுவும் இல்லை அம்மா."

சோபியா தன் கையை நீட்டியவாறே, "ஒங்க கைய மோந்து பாரு சார்" என்றாள்.

அவர் படகின் விளிம்பைப் பற்றி ஏறி வந்தவர். தம்மையறியாமலே கையை மூக்கருகில் கொண்டுபோனார். அதனை அவர் பதிவேட்டில் ஏற்றவில்லை. இருபத்தாறு பிள்ளைகளும் முறை தவறி உண்டனர் என்று ஏற்றினார்.

மறுநாள் மாலை, வலைக்கும் கம்பெனிக்கும் போகாமல் ஊர் மையத்தின் முன் கூடியிருக்க, அவர் ஓர் உறுதிமொழித் தாளைச் சாமுண்டீஸ்வரியிடம் நீட்டினார். உள்ளே பதின்மூவருக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது. உலை கொதிக்கையில் பேசாதவள் அன்று அத்தாளை உரக்கப் படித்தாள்.

"சத்துணவுப் பணியாளராகிய நான், என் பணிக்காலம் முழுமையும், முறையல்லாத எந்தப் பிள்ளைக்கும் மாலையில் சமைத்த எதனையும் ஈயேன். ஈந்தால் பணியிலிருந்து நீக்கப்படச் சம்மதிக்கிறேன்."

அப்பணிக்காக அவள் ஏழாண்டு காத்திருந்தவள். காற்றையும் நீரோட்டத்தையும் பாராமல் மாதந்தோறும் வந்துசேர்வது என்று அந்த வீட்டில் வேறொன்றும் இல்லை. பொன்னுரங்கம் கூட்டத்தின் ஓரத்தில் தலைகுனிந்து நின்றான். 

கோதண்டம் அருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "போட்டுடும்மா. நீ கொலுக்குன சீட்டுதான. கரையில பாடு ஒடஞ்சா நாளைக்கி ஏரிலயும் ஒடையும். அவனவன் கண்ட எடத்துல வல கட்டுவான். நம்ம கதி இன்னா ஆவும், சொல்லு."

"தலைவரே, எதுக்குப் பாடு வெச்சாங்க?"

"இன்னா கேள்விமே இது?"

"ஒரு வூட்ல அடுப்பெரிஞ்சு ஒரு வூட்ல எரியாம கெடக்கக் கூடாதுன்னுதான வெச்சாங்க? அன்னிக்கி அந்த சார் கேட்டப்போ எப்புடி கொலுக்குவோம்னு சொன்னேன். எதுக்குன்னு சொல்ல மறந்துட்டேன். தப்பு எம்மேலதான்."

கோதண்டம் திரும்பிப் பார்த்தார். தாழ்வாரத்தில் இருபத்தாறு பிள்ளைகளும் பேரிக்காயின் முன் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன.

சாமுண்டீஸ்வரி தாளைத் தெய்வசிகாமணியிடம் திருப்பிக் காட்டினாள். "சத்துணவுப் பணியாளராகிய நான்னு போட்டுக்குது. அந்த வேல இல்லாதவ ஒருத்தி சோறு போட்டா?"

"அவருக்கு இவ்விதி பொருந்தாது. அவர் பொதுமக்கள்."

"அவ எத்தினி பேருக்குப் போடலாம்?"

தெய்வசிகாமணி பதிவேட்டைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். "அதற்கு வரம்பு எதுவும் சொல்லப்படவில்லை."

சாமுண்டீஸ்வரி இடுப்பிலிருந்த பள்ளிச் சமையற்கூடத்துச் சாவியை எடுத்தாள். கூட்டத்தில் நின்றிருந்த கீதாவை அழைத்து அவள் கையில் கொடுத்தாள்.

"சாம்பாருக்கு உப்பு பாத்துப் போடு" என்றாள்.

பிறகு தெய்வசிகாமணியின் பக்கம் திரும்பினாள்.

"நாளைலேர்ந்து நான் மதியத்துக்கு வரல சார். சாயங்காலம் எங்கூட்டு வாசல்ல எல்லாப் புள்ளைங்களுக்கும் வடிக்கிறேன்."